கேம் சென்சார் போச்சா? பணம் கட்டும் முன் தெரிந்துகொள்வோம்



நம் குழுக்களில் கடன் எடுத்து ஆடு, மாடு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். தையல் மெஷின், மாவு மெஷின் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். வாடகைக்கு ஓட்ட கார் வாங்கிய குடும்பங்களும் இருக்கின்றன. சில வீடுகளில் கணவரோ மகனோ ஓட்டுகிறார். சில ஊர்களில் சகோதரிகளே லைசென்ஸ் எடுத்து ஓட்டுகிறார்கள்.

மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால் நமக்கே தெரிந்துவிடும். அசை போடவில்லை, மூக்கு காய்ந்திருக்குது, தீவனத்தைத் தொடவில்லை என்று டாக்டரிடம் எடுத்துச் சொல்வோம். கார் நின்றுவிட்டால் மட்டும் நமக்கு வாய் வருவதில்லை. "கேம் சென்சார் போச்சும்மா" என்று பட்டறையில் சொன்னால், "எவ்வளவு ஆகும்?" என்பதுதான் நம்முடைய முதல் கேள்வி, கடைசிக் கேள்வியும் அதுதான். "அது என்ன, அது போச்சுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று நாம் கேட்பதில்லை. கேட்டால் சிரிப்பார்களோ என்று ஒரு கூச்சம்.

ஆனால் வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வாடகை போச்சு. தவணைத் தேதி நமக்காகக் காத்திருக்காது. ஒரு பாகத்தை மாற்றி, அது சரியாகாமல் இன்னொன்றை மாற்றி, அதுவும் சரியாகவில்லை என்றால் கூடுதல் செலவு யார் தலையில்? நம் தலையில்தான். அதனால் இந்தக் கேம் சென்சார் என்பது என்ன, அது என்ன வேலை செய்கிறது, கெட்டுவிட்டது என்று சொன்னால் என்ன கேட்க வேண்டும் என்று பார்ப்போம். பொறுமையாகப் படியுங்கள். சிம்பிளான விஷயம்தான்.

எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது?

பெட்ரோல் காரின் எஞ்சினுக்குள் குழாய் மாதிரி உருண்டையான அறைகள் இருக்கும். அதற்கு சிலிண்டர் என்று பெயர். நம் ஊரில் ஓடும் கார்களில் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு சிலிண்டர் இருக்கும். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் பிஸ்டன் மேலும் கீழும் போய் வரும். சைக்கிளுக்குக் காற்று அடிக்கும் பம்பை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஏறி இறங்கும் தண்டு மாதிரிதான் பிஸ்டன்.

ஒவ்வொரு பிஸ்டனும் நான்கு வேலையை வரிசையாகச் செய்யும்.

முதல் வேலை: பிஸ்டன் கீழே இறங்கும். காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும்.

இரண்டாவது வேலை: பிஸ்டன் மேலே ஏறும். உள்ளே வந்த காற்றையும் பெட்ரோலையும் இறுக்கி அமுக்கும்.

மூன்றாவது வேலை: பிளக்கில் தீப்பொறி விழும். கலவை எரியும். எரிகிற வேகத்தில் பிஸ்டன் கீழே தள்ளப்படும். வண்டியை ஓட்டுகிற பலம் இந்த ஒரு வேலையில்தான் கிடைக்கிறது.

நான்காவது வேலை: பிஸ்டன் மறுபடி மேலே ஏறும். எரிந்த புகையை வெளியே தள்ளும்.

பிறகு மறுபடி முதல் வேலை. எஞ்சின் ஓடும் வரை இந்த வரிசை மாறவே மாறாது.

கிராங்க் இரண்டு சுற்று, கேம் ஒரு சுற்று

பிஸ்டன் மேலும் கீழும் போகும் ஆட்டத்தை சுற்றுகிற ஆட்டமாக மாற்றுவதற்கு எஞ்சினின் அடியில் ஒரு வளைந்த தண்டு இருக்கிறது. அதுதான் கிராங்க்ஷாஃப்ட். சைக்கிள் பெடலை மிதிக்கிறோம், கால் ஏறி இறங்குகிறது, பல்சக்கரம் சுற்றுகிறது இல்லையா? அதே கதைதான். பிஸ்டன் ஒரு முறை இறங்கி ஒரு முறை ஏறினால் கிராங்க் ஒரு சுற்று சுற்றிவிடும். நான்கு வேலைக்கு இரண்டு முறை இறங்கி இரண்டு முறை ஏறணும். ஆக, நான்கு வேலையும் முடிய கிராங்க் இரண்டு சுற்று சுற்ற வேண்டும். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிலிண்டரின் தலைப்பக்கம் வால்வுகள் இருக்கின்றன. இவை கதவு மாதிரி. காற்றும் பெட்ரோலும் உள்ளே வர ஒரு கதவு, புகை வெளியே போக ஒரு கதவு. இந்தக் கதவுகளை நேரம் பார்த்துத் திறக்கிற தண்டுதான் கேம்ஷாஃப்ட். அதில் முட்டை வடிவத்தில் மேடுகள் இருக்கும். தண்டு சுற்றும்போது அந்த மேடு வால்வை அமுக்கும், கதவு திறக்கும். மேடு தாண்டினதும் ஸ்பிரிங் இழுத்துக் கதவு மூடிக்கொள்ளும்.

உள்ளே விடுகிற கதவு நான்கு வேலைக்கு ஒரு தடவை திறந்தால் போதும். புகைக் கதவும் அப்படித்தான். அதனால் கிராங்க் இரண்டு சுற்று சுற்றும் நேரத்தில் கேம் ஒரே ஒரு சுற்று சுற்றும்படி அமைத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரு செயினோ பல் வைத்த பெல்ட்டோ இணைக்கிறது. அதற்கு டைமிங் செயின், டைமிங் பெல்ட் என்று பெயர்.

தையல் மெஷின் வைத்திருக்கிற சகோதரிகளுக்கு இது சட்டென்று புரியும். மேலே ஊசி, கீழே ஷட்டில். இரண்டும் ஒன்றுக்கொன்று நேரம் தப்பாமல் ஓடினால்தான் தையல் விழும். நேரம் கொஞ்சம் தப்பினால் தையல் விட்டு விட்டு விழும். ரொம்பத் தப்பினால் ஊசி இடித்து உடையும். கிராங்கும் கேமும் அதே மாதிரி ஜோடி.

மணி ஆறு என்றால் காலையா, மாலையா?

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம்.

இன்றைய கார்களில் எப்போது பெட்ரோல் தெளிக்கணும், எப்போது தீப்பொறி விடணும் என்று முடிவு செய்வது ஒரு சின்ன கம்ப்யூட்டர். பட்டறையில் அதை ஈசிஎம் என்பார்கள். இந்தக் கம்ப்யூட்டருக்குக் கண் கிடையாது. எஞ்சினுக்குள் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று அதற்கு யாராவது சொல்லணும். சொல்கிற வேலைக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒன்று கிராங்க் சென்சார், இன்னொன்று கேம் சென்சார்.

கிராங்க் சென்சார் கிராங்கைப் பார்த்துக்கொண்டே இருக்கும். "முதல் பிஸ்டன் உச்சிக்கு வந்துடுச்சு" என்று மிகத் துல்லியமாகச் சொல்லும். ஆனால் பிஸ்டன் உச்சிக்கு வருவது ஒரு தடவையா? நான்கு வேலைக்கு இரண்டு தடவை வருகிறது. கலவையை அமுக்கி முடிக்கும்போது ஒரு தடவை. புகையைத் தள்ளி முடிக்கும்போது ஒரு தடவை. தீப்பொறி தேவைப்படுவது அமுக்கி முடிக்கும்போது மட்டும்தான். இப்போது வந்திருப்பது எந்த உச்சி? கிராங்க் சென்சாருக்குத் தெரியாது.

சுவர்க் கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன முள் ஒரு நாளில் இரண்டு முறை சுற்றும். மணி ஆறு என்று அது காட்டினால், காலை ஆறா, மாலை ஆறா? கடிகாரத்தை மட்டும் பார்த்தால் சொல்ல முடியாது. பால் கறக்கப் போவதா, விளக்கு வைப்பதா? வாசலுக்கு வந்து சூரியன் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்தால்தான் தெரியும்.

கிராங்க் சென்சார் சொல்வது கடிகார மணி. கேம் சென்சார் வாசலுக்குப் போய்ப் பார்த்து "இது காலை" என்று சொல்கிற ஆள். கேம் நான்கு வேலைக்கு ஒரே சுற்று சுற்றுவதால் அதற்கு இந்தக் குழப்பமே கிடையாது. அதன் ஒவ்வொரு நிலையும் ஒரு தடவைதான் வரும்.

நான்கு சிலிண்டர் எஞ்சினில் இந்தக் குழப்பம் இன்னும் நன்றாகத் தெரியும். ஒன்றாம் பிஸ்டனும் நான்காம் பிஸ்டனும் ஜோடியாக ஏறி இறங்கும். இரண்டும் மூன்றும் இன்னொரு ஜோடி. ஒன்றும் நான்கும் சேர்ந்து உச்சிக்கு வரும்போது, ஒன்றில் தீப்பொறிக்கு எல்லாம் தயார், இன்னொன்றில் புகை வெளியே போய் முடிகிறது. எது எந்த நிலையில் இருக்குது என்று பிரித்துச் சொல்வதுதான் கேம் சென்சாரின் வேலை.

இதெல்லாம் எவ்வளவு வேகத்தில் நடக்கிறது தெரியுமா? எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடுகிறது என்று வையுங்கள். ரோட்டில் போகும்போது சாதாரணமாக வருகிற வேகம்தான். அப்போது கிராங்க் ஒரு வினாடிக்கு 50 சுற்று. கேம் 25 சுற்று. நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரு வினாடிக்கு 100 தீப்பொறி. நாம் ஒரு தடவை கண் சிமிட்டி முடிப்பதற்குள் எத்தனையோ முறை "இது யார் முறை" என்று முடிவாகிவிடுகிறது.

சென்சார் எப்படிப் பார்க்கிறது?

சென்சார் என்பது கட்டைவிரல் அளவுள்ள பிளாஸ்டிக் பொருள். எஞ்சினின் மேல்பக்கம், கேம்ஷாஃப்ட்டின் முனை அருகே ஒரு போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள். அதன் நுனி கேமோடு சேர்ந்து சுற்றும் ஒரு சக்கரத்துக்குப் பக்கத்தில், தொடாமல் இருக்கும். அந்தச் சக்கரத்தில் இரும்புப் பற்கள் ஒழுங்கில்லாத அகலத்தில் இருக்கும். வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். எல்லாப் பல்லும் ஒரே மாதிரி இருந்தால் எது முதல் பல் என்று எப்படித் தெரியும்?

சென்சாருக்குள் ஒரு காந்தமும் ஒரு சிறிய சிப்பும் இருக்கின்றன. இரும்புப் பல் எதிரே வரும்போது காந்தத்தின் விசை மாறும். பல் போய் இடைவெளி வந்தால் மறுபடி மாறும். அந்த மாற்றத்தை சிப் உணர்ந்து, மின்சாரத்தை 'இருக்கு, இல்லை, இருக்கு, இல்லை' என்று ஒயர் வழியாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். காந்த விசை இப்படி மின்சாரத்தின் போக்கை மாற்றும் என்பதை 1879இல் அமெரிக்காவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த எட்வின் ஹால் கண்டுபிடித்தார். அதனால் இந்த வகைக்கு ஹால் சென்சார் என்று பெயர்.

ஹால் சென்சாருக்கு மூன்று ஒயர் இருக்கும். ஒன்றில் மின்சாரம் வரும், ஒன்று எர்த், ஒன்றில் சேதி போகும். சில கார்களில் சிப் இல்லாமல் காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும் மட்டும் வைத்த வகை இருக்கும். அதற்கு இரண்டு ஒயரே போதும்.

கிராங்க் பக்கமும் இதே மாதிரி பல்சக்கரம் உண்டு. பல கார்களில் 60 பல்லுக்கு இடம் பிரித்து, அதில் இரண்டை எடுத்துவிட்டு 58 பல் மட்டும் வைத்திருப்பார்கள். பல் இல்லாத அந்த இடம் வரும்போது 'இதுதான் தொடக்கம்' என்று கம்ப்யூட்டர் கணக்கு வைத்துக்கொள்ளும்.

முன்பு இது இல்லாமல் கார் ஓடவில்லையா?

ஓடியது. 2014இல் தயாரிப்பு நின்றுபோன அம்பாசிடர் பலருக்கு நினைவிருக்கும். பழைய பெட்ரோல் அம்பாசிடரில் டிஸ்டிரிபியூட்டர் என்று ஒன்று இருந்தது. மூடியிலிருந்து நான்கு தடித்த ஒயர் நான்கு பிளக்குக்குப் போகும். உள்ளே ஒரு சுழலி சுற்றி, முறை வைத்து ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரம் கொடுக்கும். அந்தச் சுழலியைச் சுற்ற வைத்தது கேம்ஷாஃப்ட்தான். அதாவது 'இது யார் முறை' என்ற கேள்விக்கு அப்போதும் கேம்தான் பதில் சொன்னது. இப்போது அதே பதில் சென்சார் வழியாகப் போகிறது. வேலை பழையது, ஆள்தான் புதுசு.

ஏன் மாற்றினார்கள்? புகைக்காகத்தான். 1999இல் உச்ச நீதிமன்றம் தில்லி வட்டாரத்தில் விற்கும் புதிய கார்களுக்குப் புகை விதிகளை விரைவுபடுத்தி உத்தரவிட்டது. 2000இல் நாடு முழுவதுக்கும் 'இந்தியா 2000' விதி வந்தது. அதன் பிறகு விதி படிப்படியாக இறுகி, 2020 ஏப்ரல் 1 முதல் புதிய வண்டிகள் எல்லாவற்றுக்கும் பாரத் ஸ்டேஜ் 6 வந்தது. பழைய கார்புரேட்டர் குத்துமதிப்பாகத்தான் பெட்ரோலைக் கொடுக்கும். எந்த சிலிண்டருக்கு, எந்த நொடியில், எத்தனை துளி என்று அளந்து கொடுத்தால்தான் புகை குறையும், பெட்ரோலும் மிச்சமாகும். அளந்து கொடுக்க வேண்டுமானால் யார் முறை என்று தெரிந்தாகணும். அதனால்தான் கேம் சென்சார் வந்தது.

இன்றைய டீசல் கார்களிலும் இது உண்டு. டீசலில் பிளக் பொறி கிடையாது. ஆனால் எந்த சிலிண்டரில் டீசல் தெளிப்பது என்று கம்ப்யூட்டருக்குத் தெரிந்தாக வேண்டுமே. பேட்டரியில் மட்டும் ஓடும் மின்சாரக் கார்களில் எஞ்சினே இல்லாததால் கேமும் இல்லை, கேம் சென்சாரும் இல்லை.

கெட்டுப்போனால் என்ன அறிகுறி?

1. மீட்டர் பக்கத்தில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும். இதற்கு செக் எஞ்சின் விளக்கு என்று பெயர்.

2. செல்ஃப் அடித்தால் எஞ்சின் சுற்றிக்கொண்டே இருக்கும், சட்டென்று ஸ்டார்ட் ஆகாது. சில கார்கள் ஸ்டார்ட்டே ஆகாது.

3. வண்டியில் இழுவை குறையும். மேடு ஏறும்போது திணறும்.

4. ஓடும்போது வெட்டி வெட்டி இழுக்கும். சில சமயம் நின்றுவிடும்.

5. பெட்ரோல் வழக்கத்தைவிட அதிகமாகும்.

6. சில வண்டிகளில் எஞ்சின் சூடானால் மட்டும் தொல்லை வரும். ஆறினால் சரியாகிவிடும்.

"சென்சார் கெட்டும் என் வண்டி ஓடுதே?" என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான். பல கார்களில் கேம் சென்சாரின் சேதி நின்றால், கம்ப்யூட்டர் கிராங்க் சென்சாரை மட்டும் வைத்து எப்படியாவது ஓட்டப் பார்க்கும். ஜோடியாக உச்சிக்கு வரும் இரண்டு சிலிண்டருக்கும் சேர்த்தே பொறி விடும். தேவையான இடத்தில் எரியும், மற்றதில் வீணாகும். வண்டி வீட்டுக்கு வந்து சேரும், அவ்வளவுதான். அப்படியே மாதக்கணக்கில் ஓட்டலாம் என்று நினைக்கக் கூடாது. கிராங்க் சென்சார் கெட்டாலோ பெரும்பாலும் எஞ்சின் நின்றே போகும்.

ஓடும்போது வண்டி நின்றால் பதறாமல் ஓரம் கட்டுங்கள். நான்கு விளக்கும் மின்னும்படி போட்டுவிட்டு, ஆட்களை ரோட்டைவிட்டு இறக்கி நிறுத்துங்கள். எஞ்சின் நின்றால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் கனமாகிவிடும். அழுத்தி மிதித்தால் பிரேக் பிடிக்கும்.

விளக்கு எரிந்தால் சென்சார்தான் கெட்டது என்று அர்த்தமா?

இல்லை. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம் மனதில் நின்றால் போதும் என்றால், அது இதுதான்.

பட்டறையில் ஸ்கேனர் என்ற கருவியை மாட்டினால் ஒரு எண் வரும். எந்தக் கம்பெனி காராக இருந்தாலும் இந்த எண்களுக்குப் பொருள் ஒன்றுதான்.

பி 0340: கேம் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு.

பி 0335: கிராங்க் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு.

பி 0016: கிராங்க் சொல்வதும் கேம் சொல்வதும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.

முதல் எண்ணைப் பாருங்கள். 'சர்க்யூட்டில் கோளாறு' என்றுதான் சொல்கிறது. சென்சாரை மாற்று என்று சொல்லவில்லை. சர்க்யூட் என்றால் சென்சார், அதன் கப்ளர், ஒயர், எர்த், எல்லாம் சேர்ந்தது. வீட்டில் ஃபேன் சுற்றவில்லை என்றால் உடனே புது ஃபேன் வாங்குகிறோமா? சுவிட்சைப் பார்க்கிறோம், ஒயரைப் பார்க்கிறோம், ஃபியூஸைப் பார்க்கிறோம். இங்கேயும் அதே முறைதான்.

எலி ஒயரைக் கடித்திருக்கலாம். நெல், தவிட்டு மூட்டை இருக்கிற இடத்தில் காரை நிறுத்தினால் இது சாதாரணம். வண்டி கழுவின தண்ணீர் கப்ளருக்குள் போய்ப் பச்சை பூத்திருக்கலாம். எண்ணெய் கசிந்து கப்ளருக்குள் இறங்கியிருக்கலாம். பேட்டரி பலம் குறைந்து, செல்ஃப் அடிக்கும் நேரத்தில் சென்சாருக்குப் போதுமான மின்சாரம் கிடைக்காமல் போயிருக்கலாம். இவை எல்லாம் சின்னச் செலவில் சரியாகும்.

மூன்றாவது எண் வந்தால்தான் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்கணும். டைமிங் செயின் தேய்ந்து தளர்ந்திருக்கலாம். பெல்ட் ஒரு பல் தாண்டியிருக்கலாம். அப்போது சென்சார் சரியாகத்தான் வேலை செய்கிறது. "ஜோடி நேரம் தப்பிப் போச்சு" என்று உண்மையைத்தான் சொல்கிறது. அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டினால், புதுசும் அதையேதான் சொல்லும். அதற்குள் செயின் இன்னும் தளர்ந்தால், பல எஞ்சின்களில் திறந்திருக்கும் வால்வின் மேல் பிஸ்டன் வந்து மோதிவிடும். தையல் மெஷினில் ஊசி உடைவது மாதிரிதான். ஊசி என்றால் சில்லறைக் காசு. வால்வு வளைந்தால் எஞ்சின் தலையைப் பிரிக்கணும். வாரக்கணக்கில் வண்டி நிற்கும். குழுக் கடனில் பாதியை அந்த ஒரு வேலை விழுங்கிவிடும்.

சேதி கொண்டு வந்த ஆளை விரட்டாதீர்கள். முதலில் சேதி என்னவென்று கேளுங்கள்.

பட்டறையில் கேட்க வேண்டிய கேள்விகள்

கோபமாகக் கேட்க வேண்டாம். "அண்ணே, தெரிஞ்சுக்கத்தான் கேட்கிறேன்" என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் சந்தோஷமாகப் பதில் சொல்வார்.

1. ஸ்கேனரில் என்ன எண் வந்தது? அந்த எண்ணை பேப்பரில் எழுதி வாங்குங்கள், அல்லது செல்போனில் படம் எடுங்கள்.

2. ஒயரையும் கப்ளரையும் கழற்றிப் பார்த்தீங்களா? எலி கடிச்சிருக்கா, பச்சை பூத்திருக்கா?

3. சென்சாருக்கு மின்சாரமும் எர்த்தும் சரியா வருதான்னு மீட்டர் வைத்துப் பார்த்தீங்களா?

4. பேட்டரி பலம் எவ்வளவு இருக்கு?

5. செயின் அல்லது பெல்ட் டைமிங் சரியா இருக்கா?

6. சென்சாரை மாற்றினால், கழற்றின பழைய சென்சாரைக் கொடுங்க. புதுசுக்குப் பில் வேணும்.

7. வேலை முடிந்ததும் எண்ணை அழித்துவிட்டு, ஓட்டிப் பார்த்து, மறுபடி ஸ்கேனர் போட்டீங்களா?

பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினால் சில வண்டிகளில் விளக்கு அணைந்துவிடும். அது கோளாறை சரி செய்வது ஆகாது. காய்ச்சல்காரருக்கு நெற்றியில் ஈரத்துணி போடுகிற மாதிரிதான். விளக்கு திரும்ப வரும்.

புது சென்சார் வாங்கும்போது அந்த மாடலுக்கு உரியதையே வாங்குங்கள். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் நுனியின் நீளம் கொஞ்சம் மாறினால் போதும், பல்லுக்கும் நுனிக்கும் உள்ள இடைவெளி மாறி சேதி தப்பும்.

வரும் முன் காப்பது

எஞ்சின் ஆயிலைச் சொன்ன நேரத்தில் மாற்றுங்கள். டைமிங் செயின் அந்த ஆயிலில்தான் ஓடுகிறது. ஆயில் கெட்டுப்போய்க் கசடானால் செயின் சீக்கிரம் தேயும். பல புதிய கார்களில் ஆயிலின் அழுத்தத்தால்தான் கேமின் நேரத்தைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்துகிறார்கள். எவ்வளவு நகர்ந்தது என்று சொல்வதும் கேம் சென்சார்தான். அங்கே கசடு அடைத்தாலும் விளக்கு எரியும். பெல்ட் உள்ள எஞ்சினாக இருந்தால், எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றணும் என்று வண்டியோடு கொடுத்த கையேட்டில் போட்டிருக்கும். அந்த எண்ணை வரவு செலவு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

கடனில் பழைய கார் வாங்கப் போகிறீர்களா? பணம் கொடுக்கும் முன் ஒரு சின்னச் சோதனை. சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் நிறுத்துங்கள். செக் எஞ்சின் விளக்கு எரியணும். ஸ்டார்ட் செய்ததும் அணையணும். அணையாவிட்டால் கோளாறு இருக்கிறது. முதலிலேயே எரியவில்லை என்றால் இன்னும் சந்தேகப்படுங்கள். கோளாறு தெரியக்கூடாது என்று விளக்கை யாராவது பிடுங்கிவிட்டிருக்கலாம். முடிந்தால் உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கை வைத்து ஸ்கேனர் போட்டுப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

இன்னொன்றும் சொல்லணும். இந்த வேலை ஆண்களுக்கு மட்டும் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஐடிஐயில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு இருக்கிறது. 10ஆம் வகுப்பு தேறியவர்கள் சேரலாம். 2 ஆண்டுப் படிப்பு. இன்றைய கார் வேலையில் பலத்தைவிடப் பொறுமையும் சரியாக அளந்து பார்க்கும் பழக்கமும்தான் அதிகம் வேணும். நம் வீட்டுப் பெண் பிள்ளைகளிடம் இரண்டும் நிறைய இருக்கிறது. படிக்க ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள்.

குழுக் கூட்டத்தில் பேசிப் பார்க்க

1. பிஸ்டன் உச்சிக்கு எத்தனை தடவை வருகிறது? தீப்பொறி எத்தனை தடவை தேவை? கடிகாரக் கணக்கை வைத்து ஒருவருக்கொருவர் விளக்கிச் சொல்லுங்கள்.

2. நம் குழுவில் யார் வீட்டில் கார் இருக்கிறது? கடைசியாக எப்போது ஆயில் மாற்றினார்கள்? நோட்டில் எழுதியிருக்கிறார்களா?

3. வண்டிக்குக் கடன் கொடுக்கும்போது ரிப்பேர் செலவுக்கென்று மாதம் ஒரு தொகை எடுத்து வைக்கச் சொல்லலாமா?

அடுத்த முறை "கேம் சென்சார் போச்சும்மா" என்று யாராவது சொன்னால், பர்ஸைத் திறக்கும் முன் வாயைத் திறங்கள் சகோதரிகளே. "என்ன எண் வந்துச்சு அண்ணே?" என்று கேளுங்கள்.